தினம் 45 நிமிடம்: பேஸ் கிட்டாருக்கு வீட்டுச் சாதகம்

மிருதங்கத்துக்கு வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. சபையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண் வலந்தலை மேல்தான் இருக்கும். தொப்பியின் 'கும்' ஓர் ஆவர்த்தனம் வராமல் போனால்தான் 'என்னமோ குறையுதே' என்று தோன்றும். சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெல்லிசை மேடையில் அந்தத் தொப்பியின் வேலையைப் பார்ப்பது பேஸ் கிட்டார்.

உங்களிடம் நாலு கம்பி பேஸ் ஒன்று இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ வாசித்திருக்கிறீர்கள். கடலூரில் ஒரு சர்ச் பாடகர் குழுவிலோ, சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்குப் போகும் ஆர்கெஸ்ட்ராவிலோ இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் என்றால் சிதம்பரத்தில் 1929 முதல் இசைக் கல்லூரி இருக்கிறது, அது பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு வளர்ந்தது. பேஸுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆகவே வீட்டில் நீங்களே உங்களுக்கு வாத்தியார். இந்த அத்தியாயம் அந்த நிலையில் இருப்பவருக்காக எழுதியது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேஸ் பழகுகிறவர்கள் ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்று மட்டும் பழகுகிறார்கள். எப்போது நிறுத்துவது என்று பழகுவதில்லை. கர்நாடக சங்கீதத்தில் கார்வை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை அட்சரம் நின்றால் இத்தனைதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது. பேஸ் கம்பி தானாக அடங்க நெடுநேரம் ஆகும், கணக்குக்கு அது கட்டுப்படாது. கீழே வரும் ஐந்து படிகளில் பாதி இந்த நிறுத்தத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

உட்காரும் முன்: கரண்ட், காது, மணிக்கட்டு

*கரண்ட்.* பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லாமல் ஆம்ப்புக்குள் கசிவும் இருந்தால், நீங்கள் பிடித்திருக்கும் கம்பியிலேயே கரண்ட் நிற்கும். அந்த நிலையில் உதடு மைக்கில் பட்டால் அது உயிர் விஷயம். பழைய வீடுகளில் இரண்டு ஓட்டை சாக்கெட் இருப்பதால் மூன்று பின் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

1. ஆம்ப்பை எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.சி.பி.) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ் இல்லாத வீட்டுக்கும் அது தேவை.
2. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், பேஸின் எர்த் வேலை செய்கிறது என்று பொருள். தொட்டதும் 'சுர்' என்று அடித்தால் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொடாதீர்கள்.
3. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.
4. ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் வாசிக்க வேண்டாம்.

*காது.* 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு 15 நிமிடம்தான். திருவிழா மேடையில், டிரம்ஸுக்கும் மானிட்டருக்கும் நடுவே நின்றால் 100ஐத் தொடுவது பெரிய விஷயமில்லை. மேடைக்குக் காது அடைப்பான் வாங்குங்கள். வீட்டில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பிறகு சத்தத்தை ஏற்றாதீர்கள். பூஜ்யத்தில் வைத்து மாட்டி, மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

*மணிக்கட்டு.* உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்டிராப் போடுங்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கும்படி அதைச் சரிசெய்யுங்கள். சினிமாக்காரர்கள் மாதிரி முட்டிக்குக் கீழே தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கும். எனக்கு முதல் வருடம் அதில்தான் போனது. ஒரு மார்கழி முழுக்க வெந்நீரில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். விரல் நுனி காய்ப்பது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால், விரல் மரத்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

அக்கம்பக்கம்

சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளை ஒட்டிய சந்துகளில் சுவரோடு சுவர் வீடுகள். பாட்டுச் சத்தம் சுவரில் அடங்கும். பேஸ் அடங்காது, அடுத்த வீட்டுப் பாட்டியின் கட்டிலுக்குப் போய்ச் சேரும். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் தலையணை போட்டு அதன் மேல் வையுங்கள், தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். இரவு எட்டுக்கு மேல் ஹெட்போன்தான்.

வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரில் பேஸை நேராகச் செருகிச் சத்தமாக வாசிப்பது வேண்டாம். தடித்த கம்பியைத் திடீரென்று அடித்தால் சின்ன ஸ்பீக்கரின் கோன் கிழியும். போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகுவதும் வீண். தடித்த ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. நீங்கள் கேட்பது அதன் மேல் இழைகளை மட்டும்.

கரண்ட் போனால்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. அப்போது கற்றுக்கொண்ட வித்தை இது. ஆம்ப் இல்லாமல் பேஸைக் கையில் வைத்து வாசித்தால் கொசு சத்தம்தான் வரும். பேஸின் தலைப்பகுதியையோ உடல் ஓரத்தையோ மரக் கதவில் மெல்ல அழுத்தி வாசியுங்கள். கதவு முழுவதும் ஒலிப்பெட்டியாகிவிடும். மர அலமாரியும் சரி, ஸ்டீல் பீரோ கூடாது, கடகடக்கும். பாலிஷ் கீறாமல் இருக்க நடுவில் மெல்லிய துணி. கம்பியை முறுக்கும் திருகுகள் இருக்கும் இடத்தில் அழுத்தினால் சுருதி நகரும், அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நேரப் பங்கீடு

மொத்தம் 45 நிமிடம். சுருதி 5, நிறுத்தம் 10, சரளி வரிசை 10, பாட்டு 15, பதிவு 5. படி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எழுந்து கையை உதறித் தண்ணீர் குடியுங்கள், அதற்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் 90 நிமிடம் வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கைக்குத்தான் கேடு. பரீட்சை, கல்யாணம், வெள்ளம் என்று ஏதாவது வந்தால் முதல் இரண்டு படியை மட்டும் செய்யுங்கள். 15 நிமிடம் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

படி 1: சுருதி (5 நிமிடம்)

1. தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. போனில் உள்ள ட்யூனர் ஈ கம்பியைப் பிடிக்காமல் முள் ஆடினால், 12ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில் மணி மாதிரி ஒலிக்கும். போனுக்கு அது கேட்கும்.
2. கம்பியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இறக்கி நிறுத்திய கம்பி இரண்டு பாட்டில் மேலும் இறங்கும்.
3. பிறகு ட்யூனரை அணைத்துவிட்டுக் காதால் சரிபாருங்கள். ஈ கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டும் வெறும் ஏ கம்பியும் ஒன்று. ஏ கம்பியின் 5ம் வெறும் டியும் ஒன்று. டியின் 5ம் வெறும் ஜியும் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் 'வோவ்... வோவ்' என்ற அலை வரும். அலை மெதுவாகி மறைந்தால் சேர்ந்தது.

தம்புராவைச் சேர்க்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இந்த மூன்றாவது வேலையை அவரிடம் செய்து காட்டுங்கள். பேஸ் தெரியாவிட்டாலும் தவறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

படி 2: நிறுத்தம் (10 நிமிடம்)

மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60. ஏ கம்பியில் 5ஆம் ஃப்ரெட், ஒரே சுரம். வேறு எதுவும் வேண்டாம்.

1. முதல் தட்டில் மீட்டி நான்கு எண்ணும் வரை ஒலிக்கவிடுங்கள். ஐந்தாவது தட்டில் ஒலி நிற்க வேண்டும். தட்டும் அமைதியும் ஒன்றாக விழ வேண்டும். அடுத்த மூன்று தட்டு அமைதி. எட்டு எண்ணிக்கை ஆயிற்று, ஓர் ஆதி தாளம். மறுபடி.
2. அதையே மூன்று எண்ணி நிறுத்துங்கள். பிறகு இரண்டு, ஒன்று, அரை.
3. இடது கையால் மட்டும் நிறுத்துங்கள். அழுத்தத்தைத் தளர்த்துங்கள், விரலைக் கம்பியிலிருந்து எடுக்காதீர்கள்.
4. வலது கையால் மட்டும் நிறுத்துங்கள். அடுத்து மீட்டப்போகும் விரலை முன்கூட்டியே கம்பியில் வைத்தால் ஒலி அடங்கும்.
5. இரண்டு கையாலும்.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் நாள் பதிவுசெய்து கேளுங்கள், நிறுத்தம் தட்டுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளாடும். தொடக்கத்தில் இல்லாத சோம்பல் முடிவில் இருக்கும்.

*வழக்கமான தவறுகள்.* இடது விரலை முழுதாக எடுத்துவிடுவதால் வெறும் கம்பி 'டொய்ங்' என்று பேசுவது முதலாவது. மற்றது கண்ணுக்குத் தெரியாத தவறு. டி கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தமாக மீட்டி உடனே டி கம்பியை மட்டும் அடக்குங்கள். ஜி கம்பி தானாக ஒலித்துக்கொண்டிருக்கும், நீங்கள் அதைத் தொடவே இல்லை. வீணையின் பக்கத் தந்திகள் இப்படி ஒலிப்பது அழகு. பேஸில் இது மேடையில் சேறு. வாசிக்காத கம்பிகளை யார் அடக்குவது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். தடித்த கம்பிகள் வலது கட்டைவிரல் பொறுப்பு. கட்டைவிரல் பிக்கப் மேலேயே ஊன்றி நிற்காமல், மெல்லிய கம்பிக்குப் போகும்போது கூடவே இறங்கி ஈ கம்பி, ஏ கம்பி மேல் சாய வேண்டும். மெல்லிய கம்பிகள் இடது கை விரல்களின் அடிப்பகுதிக்கு.

மீட்டும் விரல் பற்றி ஒரு வார்த்தை. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி என்பது பொது விதி. பழகுகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டுடியோவில் 1960களில் உலகமே கேட்ட பேஸ்களை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் சுட்டுவிரலை மட்டுமே பயன்படுத்தினார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர். இதைச் சொல்வது விதியை உடைக்க அல்ல. ஒரு விரல் மட்டும் ஒத்துழைக்கும் நாளில் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்பதற்காக.

படி 3: சரளி வரிசை (10 நிமிடம்)

மேற்கத்திய ஸ்கேல் புத்தகங்கள் நிறைய. அவற்றைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் குழந்தைகள் சரளி வரிசை பாடிப் பாட்டு கற்கத் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகம் பேஸுக்கு நல்ல உடற்பயிற்சி. பக்கத்துப் பக்கத்துச் சுரமும் அடுத்தடுத்து வருகிறது, பெரிய தாண்டலும் வருகிறது, நாலு விரலுக்கும் வேலை.

ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யை ஷட்ஜமாக வைத்து:

1. ஸ: ஏ கம்பி 3ஆம் ஃப்ரெட், நடுவிரல்.
2. ரி: ஏ கம்பி 4, மோதிரவிரல்.
3. க: டி கம்பி 2, சுட்டுவிரல்.
4. ம: டி கம்பி 3, நடுவிரல்.
5. ப: டி கம்பி 5, சுண்டுவிரல்.
6. த: டி கம்பி 6, சுண்டுவிரலே ஒரு ஃப்ரெட் நகர வேண்டும்.
7. நி: ஜி கம்பி 4, மோதிரவிரல்.
8. மேல் ஸ: ஜி கம்பி 5, சுண்டுவிரல்.

மெட்ரோனோம் 60. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மெட்ரோனோம் வேகம் மூன்றிலும் மாறாது. வாயால் ஸ்வரம் சொல்லிக்கொண்டே வாசியுங்கள், பாட வராவிட்டாலும் முணுமுணுத்தால் போதும். மூன்றாம் காலத்தில் சுரங்கள் ஒட்டிக்கொண்டால் கீழிறங்குங்கள். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் வாரத்துக்கு 4 தட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

*இடது கைக்கு ஓர் அளவு.* வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். ஐந்திலிருந்து எட்டு வரை 10 சென்டிமீட்டர்தான். ஆகவே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற முறையைக் கையில் சிரமம் இல்லாத மேல் பகுதியில் முதலில் பழகுங்கள். கீழே, முதல் நான்கு ஃப்ரெட்டுகளில், மோதிரவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து ஒரே விரலாக அழுத்தும் பழைய டபுள் பேஸ் முறை சின்னக் கைகளுக்கு ஏற்றது. மேலே சொன்ன வரிசையும் கீழே வலித்தால் ஷட்ஜமத்தை ஏ கம்பியின் 8ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி, எல்லா எண்ணோடும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

அழுத்தும் இடம் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, சற்றே பின்னால். நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும், கம்பியும் கரகரக்கும். கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஓரளவு ஒலி வந்தால் உங்கள் அழுத்தம் சரி.

*தட்டைக் குறைப்பது.* ஒரு மாதம் கழித்து மெட்ரோனோமை 60இலிருந்து 30க்கு இறக்குங்கள். நீங்கள் வாசிக்கும் வேகம் அதேதான், ஆனால் தட்டு இரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் கேட்கும். பிறகு அந்தத் தட்டை ஒன்று, மூன்றில் வைக்காமல் இரண்டு, நான்கில் வைத்து எண்ணுங்கள். முதலில் தலை சுற்றும். டிரம்ஸ்காரர் ஸ்னேரை அடிக்கும் இடம் அது. அங்கே நிற்கப் பழகிவிட்டால் அவரோடு தகராறு வராது.

சாப்பு தாளத்தில் பாட்டு வந்தால் கையால் தாளம் போட முடியாது, கை பேஸில் இருக்கிறது. வாயை உபயோகியுங்கள். ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. சொல்லிவிட்டு வாசிப்பது, சொல்லிக்கொண்டே வாசிப்பது, மனசில் சொல்லி வாசிப்பது என்று மூன்று நிலை. ஏ.ஆர். ரஹ்மானோடு மேடையேறிய மும்பை பேஸ் கலைஞர் மோகினி டே கொன்னக்கோல் சொல்லிக்கொண்டே வாசிப்பதைப் பார்த்தால் இரண்டாவது நிலை எங்கே போகும் என்று தெரியும். நமக்கு முதல் நிலை போதும்.

படி 4: ஒரு பாட்டு (15 நிமிடம்)

வாரத்துக்கு ஒரு பாட்டு. அதற்கு மேல் எடுத்தால் எல்லாம் அரைகுறை.

*கட்டை மாற்றம்.* நம் மேடைகளில் பாடகர் வந்து 'சி ஷார்ப்' என்று சொல்வதில்லை, 'ஒன்றரை வைங்க' என்பார். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் இல்லை, ஆர்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லாததால். பேஸில் இடங்கள்:

1. ஈ கம்பியில்: 4 கட்டைக்கு 1ஆம் ஃப்ரெட், நாலரைக்கு 2, 5க்கு 3, ஐந்தரைக்கு 4, 6க்கு 5.
2. ஏ கம்பியில்: ஆறரைக்கு 1, 7க்கு 2, 1க்கு 3, ஒன்றரைக்கு 4, 2க்கு 5, இரண்டரைக்கு 6, 3க்கு 7.

மனப்பாடம் செய்யுங்கள். பாட்டை வெறும் கம்பிகளை நம்பிப் பழகாதீர்கள். வெறும் கம்பி வரும் இடம் அரைக் கட்டை நகர்ந்தால் காணாமல் போகும். எந்தப் பாட்டையும் மூன்று சுருதியில் வாசித்துவிட்டுத்தான் அந்த வாரத்தை முடிக்க வேண்டும்.

*காதால் எடுப்பது.* இணையத்தில் கிடைக்கும் எண் குறிப்புகளில் பாதி தப்பு. அதைவிட, அவை காதைச் சோம்பேறியாக்கும்.

1. நல்ல ஹெட்போனில் பாட்டை மூன்று முறை கேளுங்கள். கையில் பேஸ் வேண்டாம். பாடகரை விட்டுவிட்டு அடியில் நடப்பதை மட்டும் பின்தொடருங்கள்.
2. பேஸை வாயால் பாடுங்கள். 'தூம் தூம்' போதும். வாயில் வராதது விரலில் வராது.
3. முதல் அட்சரத்தில் விழும் சுரத்தை மட்டும் கண்டுபிடித்து, அதை மட்டும் பாட்டு முழுக்க வாசியுங்கள்.
4. நடுவில் உள்ளவற்றை நாளுக்கு இரண்டு ஆவர்த்தனம் வீதம் நிரப்புங்கள். சுருதி மாறாமல் வேகத்தை 75 சதவீதமாக்கும் செயலிகள் போனில் உண்டு.
5. ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்கிறது என்று கடைசியில் ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடக் குட்டையாக இருக்கும்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? எல்லோரும் இளையராஜாவில் தொடங்க ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி மூன்று மாதம் வீணடித்தேன். அவருடைய பேஸ் கார்டின் அடிச் சுரத்தில் உட்கார்ந்திருக்காது. பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டு தனக்கென ஒரு மெட்டாகப் போகும். அதை அவர் ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதிக் கொடுத்தார், சசிதரன் போன்றவர்கள் வாசித்தார்கள். அவருடைய நூறாவது படம் 'மூடுபனி' (1980). அதில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பேஸை மட்டும் தனியே பாடினாலும் அது ஒரு பாட்டாக நிற்கும். ஆறாவது மாதத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு இடங்கள். ஒன்று, சர்ச் கீதங்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் கடலூர். இந்த ஊரில் நாலு குரல் பாடுகிறவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நான்கு குரலுக்கு எழுதிய கீதப் புத்தகத்தில் கடைசி வரி, ஆண்களின் தாழ்ந்த குரல், அப்படியே பேஸுக்கு எழுதியது மாதிரி இருக்கும். வேகமும் நிதானம். நீங்கள் எந்த மதமானாலும் அந்த வரியைப் பழகினால் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எப்படி நடப்பது என்று புரியும். இரண்டாவது, உங்கள் ஆர்கெஸ்ட்ரா வழக்கமாக வாசிக்கும் அம்மன் பாட்டுகள். அதிகம் போனால் மூன்று கார்டு. ஆனால் பத்து நிமிடம் ஒரே சர்வலகுவை அசையாமல் பிடிக்க வேண்டும், கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது. இதைச் சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஏழாவது நிமிடத்தில் வேகமெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: பதிவு (5 நிமிடம்)

போனை ஒரு அடி தூரத்தில் வைத்து அன்றைய பாட்டை ஒரே ஒருமுறை பதிவுசெய்யுங்கள். தப்பினாலும் நிறுத்தாதீர்கள், மேடையில் நிறுத்த முடியாது. உடனே கேட்கவும் வேண்டாம். வாசித்த சூட்டில் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்து ஹெட்போனில் கேளுங்கள். ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எங்கே தள்ளாடியது. அதுதான் அன்றைய படி இரண்டுக்கான வேலை.

முடித்த பின்: கம்பி

தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று கம்பியைத் தின்னும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடையுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள். மூடிய காரில் வெயிலில் விடாதீர்கள்.

ஒரு செட் கம்பி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஒலி மந்தமானால் கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போனதும் நன்கு காயவைத்து மாட்டலாம். சில வாரம் ஓடும். சமையல் பாத்திரத்தில் செய்து வீட்டில் திட்டு வாங்காதீர்கள். கழற்றும்போது நன்றாகத் தளர்த்திவிட்டுக் கழற்றுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. மந்தமான ஒலியே பிடித்திருந்தால் கம்பியை மாற்றவே வேண்டாம். ஜேமர்சன் கம்பி மாற்ற விரும்பாதவர்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பேஸைத் தொடாதீர்கள். மிருதங்கம் கேட்கும் இடத்துக்குப் போங்கள், கச்சேரியானாலும் நாட்டியமானாலும் சரி. மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் இருந்தால் நாட்டியாஞ்சலி இருக்கிறது. மற்ற நாளில் ஏதாவது ஒரு பதிவு. மிருதங்கக்காரரின் இடது கை தெரியும்படி உட்காருங்கள். ஒரு பாட்டு முழுக்க தொப்பியை மட்டும் கேளுங்கள். அது விழுகிற அட்சரத்துக்கு விரலை மடக்குங்கள், விழாத அட்சரத்துக்கு நீட்டுங்கள். நீட்டிய விரல்களின் கணக்கை நோட்டில் எழுதி வந்து, திங்கட்கிழமை ஏ கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் அதே கணக்கில் வாசியுங்கள்.